இரண்டு நிலாவும் முழுசாக நின்ற இரவு

ரோனா பெட்ரி ஆறு நாவல் எழுதியிருக்கிறாள். ஆறிலும் அவளுக்கென்று ஒரு சொந்த உரிமை கிடையாது. இதைச் சொன்னால் டண்டீ நகரத்து பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், யாரோ அவளை ஏமாற்றிவிட்டதாக நினைத்து உச்சுக்கொட்டுவார்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை, வேலையே அப்படிப்பட்டது. அவள் எழுதுவது ஒரு வீடியோ கேமின் உலகத்தில் நடக்கும் கதைகள். அந்த உலகத்தில் மலையை வைத்ததும் ஆற்றை ஓடவிட்டதும் ராஜாக்களுக்குப் பேர் சூட்டியதும் டண்டீ ஆற்றங்கரையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் கம்பெனிக்காரர்கள். ரோனா அங்கே வாடகைக்குக் குடியிருப்பவள் மாதிரி. என்ன செடி நட்டாலும் அது வீட்டுக்காரருக்கு.

அந்த கேமின் பேரைத் தமிழில் சொன்னால் ‘இருநிலா’ என்று வரும். வானத்தில் வெள்ளை நிலா ஒன்று, சிவப்பு நிலா ஒன்று. அவை என்றைக்கு வளரும், என்றைக்குத் தேயும், எந்த மரத்துப் பழம் விஷம், எந்த ஊரில் செத்தவரை எரிப்பார்கள், எந்த ஊரில் ஆற்றில் விடுவார்கள் என்பதெல்லாம் ‘உலக ஏடு’ என்ற நானூறு பக்கக் கோப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகு ஏட்டைக் காக்கிறவர் வரிவரியாகப் பார்த்துக் குறிப்பு அனுப்புவார். ‘பக்கம் 41: வடக்கு மாகாணத்தில் தேனீ கிடையாது, தேனை எடுத்துவிடவும்.’ ரோனா எடுத்துவிடுவாள். இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர்களுக்கு அடங்கி வேலை பார்த்தவளுக்கு, இல்லாத தேனீக்கு அடங்குவது பெரிய கஷ்டமாக இல்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழாவது நாவலுக்கான கதைச்சுருக்கம் வந்தது. ரோனா சமையலறையில் நின்றபடியே, கையில் பாதி கடித்த ரொட்டியோடு படித்தாள். வீடு நியூபோர்ட்டில், டண்டீக்கு எதிரே, ஆற்றுக்குத் தென்கரையில். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஆற்றையும் பாலத்தையும் எதிர்க்கரையையும் ஒரே வாயில் விழுங்கியிருந்தது. பதினொரு குறிப்புகள். ஒன்பதாவதில் ரொட்டி கையிலேயே நின்றது.

‘தோணிக்காரன் கோரன்தான் கெல்டன் நகரத்து நீர்வாசலை எதிரிக்குத் திறந்துவிட்டவன் என்பது அம்பலமாகிறது. குழந்தைகளைக் காப்பாற்றியதாக அவன் சொன்னது பொய்.’

கோரன் ஏட்டில் இருந்த ஆள் இல்லை. ரோனா முதல் நாவலில் தானாகக் கொண்டுவந்த ஆள். நாலு பக்கம் வந்துவிட்டுப் போக வேண்டியவனை வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனி அவனை அடுத்த கேமில் சேர்த்துக் குரல் கொடுத்தது, பொம்மை செய்து விற்றது. மூன்றாவது நாவலில் முற்றுகையிடப்பட்ட கெல்டன் நகரத்திலிருந்து அறுபத்துமூன்று குழந்தைகளை ஒரே இரவில் நாலு நடையாக ஆற்றைக் கடத்தி விட்டவன் அவன்.

கோரன் யார் என்பதை ரோனா ஊரறியச் சொல்லியும் இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் உள்ளூர் மாலைப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் பேட்டிக்கு வந்தபோது, வாய்விட்டுச் சொன்னாள்: “அது எங்க அண்ணன் டூகிதான். அவன் நடை, அவன் பேச்சு, அவன் கோபம். பேர மட்டும் மாத்தினேன்.” பத்திரிகை அரைப்பக்கம் போட்டது. டூகி மணல் படகில் நிற்கும் பழைய படம். மேலே கொட்டை எழுத்தில், ‘தோணிக்காரன் நம்ம ஊர்க்காரன்.’

அவள் அதைச் சும்மா சொல்லவில்லை.

டூகி என்ற டக்ளஸ் பெட்ரி அவளுக்குப் பத்து வயது மூத்தவன். பதினாறு வயதில் சமையல் அடுப்பு செய்யும் ஆலைக்கு வேலைக்குப் போனவன். அந்தச் சம்பளத்தில்தான் ரோனா அபர்டீனுக்குப் போய்ப் பட்டம் வாங்கினாள். அந்தத் தெருவில் அதுவரை பட்டம் என்றால் காற்றில் விடுகிறதுதான். அவள் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஆலையில் வேலைநிறுத்தம் வந்தது. வாசலை மறித்து உட்காரப்போகிறவர்கள் யார் யார் என்று சங்கத்தார் ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியல் ஒருநாள் ராத்திரி டூகியின் கோட்டுப் பையில் இருந்தது. மறுவாரம் அதில் இருந்த பத்தொன்பது பேருக்கும் வேலைநீக்கக் கடிதம் வந்தது. டூகிக்கு வரவில்லை.

யாரும் அவனை அடிக்கவில்லை. விசாரிக்கவும் இல்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற சொல் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. மதுக்கடையில் அவன் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அவன் ஆலையை விட்டுவிட்டு ஆற்றில் மணல் வாரும் படகில் சேர்ந்தான். இருபத்துமூன்று வருஷம் வாரினான். மார்பில் புற்று வந்து செத்தான். சவ அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் படகுக்காரர்கள். ஆலைக்காரர் ஒருவர்கூட இல்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் ரோனா முதல் நாவலை எழுதினாள். கோரன் தானாக வந்தான்.

இனி அந்த ஒன்பதாவது குறிப்பு எங்கிருந்து முளைத்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு விதை போட்டது ரோனாவேதான்.

மூன்றாவது நாவலில் அந்த இரவைக் கோரனே சொல்கிறான், பல வருஷம் கழித்து, ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து. ‘இரண்டு நிலாவும் முழுசாக நின்றன. துடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு.’ ரோனா எழுதியதிலேயே எல்லாருக்கும் பிடித்த வரி அது. சில பேர் கையில் பச்சை குத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இருநிலா உலகத்தில் இரண்டு நிலாவும் ஒரே இரவில் முழுசாக நிற்கவே நிற்காது. ஏட்டின் நாலாம் பக்கத்திலேயே அந்தச் சட்டம் இருக்கிறது.

நடந்தது இதுதான். புத்தகம் அச்சுக்குப் போக எட்டு நாள் இருக்கும்போது, கேமில் எதையோ மாற்றியதால் முற்றுகையை ஆறு வாரம் தள்ளிவைக்கச் சொன்னது கம்பெனி. ரோனா தேதிகளை மாற்றினாள், வெள்ளை நிலாவை மாற்றினாள். சிவப்பை மறந்தாள். ஏட்டைக் காக்கிறவரும் கவனிக்கவில்லை. அவ்வளவுதான்.

வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் பிழை என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்கள் அப்படிச் சொல்லுகிற ஜாதியே இல்லை. பக்கத்து ஊரான பெர்த்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஹமிஷ் லோரிமர் என்பவர் இணையத்தில் இருபது பக்கம் எழுதினார். அந்த இரவைப் பற்றிச் சாட்சி சொல்வது கோரன் ஒருவன்தான். அவன் சொல்லும் வானம் இருக்கவே முடியாத வானம். ஆகவே அவன் அன்றைக்கு ஆற்றில் இல்லை. பின்னே எங்கே இருந்தான்? அதே இரவில் நகரத்தின் நீர்வாசலை யாரோ உள்ளிருந்து திறந்தார்கள், யாரென்று இன்றுவரை தெரியாது. பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோனா அதைப் படித்தபோது, இவ்வளவு புத்தியுள்ள மனுஷன் கண்ணாடி விற்றுக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்துச் சிரித்தாள். கம்பெனியிலும் அதைப் படித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

கதைச்சுருக்கம் வந்த மறுநாள் மதியம், ரோனா கம்பெனியின் மூன்றாம் மாடிக்குப் போனாள். இப்போது ஏட்டைக் காக்கிறவன் ஃபின்லே ராட்ரே, முப்பத்திரண்டு வயதுப் பையன், தாடி வைத்தவன், யாரிடமும் குரல் உயர்த்தாதவன்.

“உக்காருங்க ரோனா. டீயா, காபியா?”

“ஒம்பதாவது குறிப்பு.”

“டீயே கொண்டுவரேன்.”

கொண்டுவந்த கோப்பையில் கோரனின் முகம் அச்சிட்டிருந்தது. அவன் அதை அப்போதுதான் கவனித்து, படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்தான்.

“ஃபின்லே, கோரன் பொய் சொல்லல. நான்தான் தப்பு பண்ணினேன். தேதிய மாத்தினேன், ஒரு நிலாவ மாத்தினேன், இன்னொண்ண மறந்துட்டேன். அடுப்புல பாலை வெச்சு மறந்த மாதிரி. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பழைய கோப்புல உங்க ரெண்டு படியும் இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே ஒத்துப் பாத்தேன்.”

ரோனாவுக்கு வந்த கோபம், எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது. “தெரிஞ்சுமா இப்படி?”

“அச்சுல வந்தது எதுவும் தப்பு இல்ல, ரோனா. இன்னும் விளக்கம் கெடைக்காததுன்னுதான் வெச்சுக்கணும். இங்க அதுதான் சட்டம். ஒண்ண தப்புன்னு ஒத்துக்கிட்டா மத்தது எதைத்தான் நம்புவாங்க? பதினாலு புத்தகம், அஞ்சு கேம். ஒரு செங்கல்ல உருவினா சுவரு நிக்குமா?”

“அந்தச் செங்கல் எங்க அண்ணன்.”

“பேப்பர்ல படிச்சேன்.” அவன் மேசையைப் பார்த்தான். “அதனாலதான் நீங்கதான் எழுதணும்னு நான் சண்டை போட்டேன். லீட்ஸ் ஊர்க்காரர், ஒரு எழுத்தாளர், தயாரா இருக்காரு, ஒம்பது வாரத்துல தட்டிக் குடுத்துடுவாரு. அவரு எழுதினா கோரன் வெறும் அயோக்கியன். நீங்க எழுதினா அவனுக்கு ஒரு காரணம் இருக்கும். நான் இந்த வேலைக்கு வந்ததே கோரனாலதான், தெரியுமா? எனக்கு மட்டும் ஆசையா?”

“அப்ப நிறுத்து.”

“கேம் முடிஞ்சு போச்சு, ரோனா. குரல் குடுக்கறவர் மார்ச்சுலயே பேசிட்டுப் போயிட்டாரு. மாட்டிக்கிட்டதும் கோரன் அழுவான், பாருங்க, கேட்டவங்க அத்தனை பேரும் கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.”

டூகி அழுது ரோனா பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட அவன் கொல்லைப்புறம் போய்ச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

“புது கேமப் பத்தி வெளிய மூச்சு விடக்கூடாது, அது ஒப்பந்தத்துல இருக்கு” என்றான் ஃபின்லே, கதவுவரை வந்து.

“பழைய புத்தகத்தப் பத்தி?”

“அது உங்க புத்தகமாச்சே. தாராளமா பேசுங்க.” நல்ல மனசோடுதான் சொன்னான். “அடுத்த வெள்ளிக்குள்ள முடிவு சொல்லுங்க. அவசரமில்ல. ஆனா வெள்ளிக்குள்ள.”

நகர நூலகத்தில் வியாழக்கிழமை பிற்பகல் ஒரு வாசகர் கூட்டம் முன்பே ஏற்பாடாகியிருந்தது. ரோனா பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போதே முடிவு செய்துவிட்டாள்: எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுவது. ஆசிரியையாக இருந்தவள், கரும்பலகையில் தப்பாக எழுதினால் அழித்துவிட்டுச் சரியாக எழுதலாம் என்று நம்புகிறவள். பிழை என்று எழுதியவளே ஒப்புக்கொண்டபின் கம்பெனி எதை வைத்துக் கோரனைக் குற்றவாளி ஆக்கும்?

நாற்பது பேர் இருந்தார்கள். மேசையில் பிஸ்கட், வென்னீர்ப் பாத்திரம். இருவர் கோரன் மாதிரி சணல் தொப்பி போட்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில், மடியில் குறிப்பேட்டோடு, வழுக்கைத் தலையும் துல்லியமாகத் துடைத்த கண்ணாடியுமாக ஒருவர். கேள்வி நேரம் வந்ததும் அவர்தான் முதலில் எழுந்தார்.

“ஹமிஷ் லோரிமர், பெர்த்திலேர்ந்து. என் கேள்வி உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.” எல்லாரும் சிரித்தார்கள்.

“தெரியும். உங்க கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன். ரொம்ப அருமையான கட்டுரை. ஆனா அடிப்படையே தப்பு, மிஸ்டர் லோரிமர். அது என்னோட பிழை.” ரோனா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எட்டு நாள், ஆறு வாரம், மறந்த சிவப்பு நிலா, ஒன்று விடாமல் சொன்னாள். “கோரன் பொய் சொல்லல. அன்னிக்கு அவன் ஆத்துலதான் இருந்தான். நாலு நடை போனான். அறுபத்துமூணு குழந்தைங்க. எழுதினவ நான், நான் சொல்றேன்.”

 பின்வரிசையில் யாரோ சீட்டியடித்தார்கள். கைதட்டல் வந்தது. தட்டி ஓயவே இல்லை. “கம்பெனியில அப்படிச் சொல்லச் சொன்னாங்களா, ரோனா?” என்று ஒரு பெண் கத்தினாள். “அப்ப புது கேம்ல வருது! வருதுல்ல? அவங்க முகத்தப் பாருங்கடா!” என்றான் சணல் தொப்பிகளில் ஒருவன்.

“இல்ல, நான் சொல்றத…”

கைதட்டலில் மீதி போய்விட்டது.

கூட்டம் கலைந்ததும் ஹமிஷ் லோரிமர் பிஸ்கட்டோடு வந்தார். “பிரமாதம். முகத்துல ஒரு சுருக்கம் இல்லாம சொன்னீங்க.”

“மிஸ்டர் லோரிமர், நான் சொன்னது உண்மை.”

“கோரனும் அப்படித்தான சொல்றான்?” கண்ணடித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போனது. பிஸ்கட்டை மேசையில் வைத்தார். “நெஜமாவா?”

“நெஜமா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை. “என் மனைவி ஆஸ்பத்திரில இருந்த ஏழு மாசம், அவ தூங்கற நேரமெல்லாம் அந்த ஒரு வரியத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தேன். உள்ள ஏதோ இருக்கு, விடாமத் தேடினா கெடைக்கும்னு. கெடைச்சுதுன்னு நெனச்சேன்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மன்னிச்சுக்குங்க. என்னால நீங்க சொல்றத நம்ப முடியாது. நம்பப் பிரியமில்ல.”

 ரோனா அவர் கொண்டுவந்த மூன்று புத்தகங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஃபின்லேயிடமிருந்து செய்தி. கூட்டத்தை யாரோ படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். ‘வாசகர்கள் அதிர்ந்து போயிருக்கிறார்கள்! மூவாயிரம் பேர் இதையே பேசுகிறார்கள். விளம்பரப் பிரிவு உங்களுக்குப் பூங்கொத்து அனுப்பச் சொல்கிறது.’ கூடவே, ‘நீங்கள் எதற்காகச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். வருந்துகிறேன்.’

பூங்கொத்து மதியம் வந்தது. ரோனா அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை டண்டீயில் லாக்கீ என்ற பேட்டைக்குப் போனாள். டூகியின் மனைவி சென்கா அங்கே மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறாள். அறுபத்தாறு வயது. பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்றைக்கும் இருநூறு பேருக்கு ஆக்குகிற கையால்தான் இருவருக்கு ஆக்குவாள். ரோனா கோட்டைக் கழற்றுவதற்குள் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் தட்டில் குவிந்துவிட்டன.

“தின்னு. எலும்பும் தோலுமா வந்து நிக்கற. புத்தகம் எழுதினா சோறு எறங்காதா?”

தொலைக்காட்சிக்கு மேலே சுவரில் பத்திரிகையில் வந்த அந்த அரைப்பக்கம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ரோனா அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். புது கேமைப் பற்றி மூச்சுவிடக்கூடாது என்ற ஒப்பந்தத்தை உருளைக்கிழங்கோடு விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.  சென்கா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு அதை அணைத்தே விட்டாள்.

“கேம்ல அவன என்னன்னு சொல்லுவாங்க?” என்றாள் கடைசியில். “அந்த வார்த்தையேதானா?”

“அந்த வார்த்தையேதான்.”

“மீன்கடை வில்சன் தெரியுமில்ல? பத்தொம்பது பேர்ல ஒருத்தன். முப்பது வருஷம் எம்மேல நிழல் படாம நடந்தான். என் காசைக்கூட அவன் பொண்டாட்டிதான் வாங்குவா. பேப்பர்ல வந்ததே, அந்த வாரம் தலைய நிமித்தி, ‘ஹலோ சென்கா’ன்னான். அவ்வளவுதான் சொன்னான். நான் மீனு வாங்க மறந்து வீட்டுக்கு வந்துட்டேன்.” அவள் கரண்டியைத் துடைத்தாள். “அவன் பேரன் இந்த எழவு கேமத்தான் நாள் பூரா ஆடறான். வீட்டுல போய்ச் சொல்லுவான்ல?”

ரோனா தட்டைத் தள்ளி வைத்தாள். முப்பத்தைந்து வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டாள். “சென்கா, அவன் செஞ்சானா?”

“இப்பத்தான் கேக்கற.”

“ஆமா.”

“அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்த. மூணு நாள் இருந்த. அவன் நீ கேப்பன்னு காத்துக்கிட்டிருந்தான். படிச்ச பொண்ணு, எதையும் நேரா கேப்பான்னு. நீ பரீட்சைய பத்திப் பேசிட்டு ரயிலேறிட்ட.” சென்காவின் குரலில் சூடு இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “உன்ன மட்டும் சொல்லி என்ன? நான் அவன்கூடப் படுத்து எந்திரிச்சவ. நானும் கேக்கல. கேட்டா, நம்பலன்னு ஆயிடுமில்ல? கேக்காமலே நம்பினேன். அவன் அத எப்படி எடுத்துக்கிட்டானோ.”

கீழே யாரோ காரை முறுக்கிக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

“நானே எழுதலாம்னு பாக்கறேன்” என்றாள் ரோனா. “நான் எழுதினா ஒரு காரணம் குடுக்கலாம். அவன மிரட்டினாங்க, ஏமாத்தினாங்கன்னு. யாரோ லீட்ஸ்காரன், டூகிய கண்ணால பாக்காதவன், அவன் கையில போக வேண்டாம்.”

சென்கா அவளைப் பார்த்தாள். வகுப்பில் முதலாக வந்த பிள்ளை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதுபோல.

“ஏண்டி, இவ்வளவு படிச்சும் இது தெரியலையா? லீட்ஸ்காரன் எழுதினா அது எவனோ ஒரு தோணிக்காரன். நீ எழுதினாத்தான் அது டூகி.”

சென்கா தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டாள்.

“காரணம் வேற குடுக்கறாளாம். காரணம் குடுத்தா செஞ்சான்னு ஆச்சு. நீ எழுதாத. அது மட்டும் பத்தாது. பேப்பருக்கு எழுது, அவன் டூகி இல்லன்னு.”

“அப்படின்னா…” ரோனா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். படகில் நின்ற டூகி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். “அப்படின்னா அந்தக் குழந்தைங்களக் காப்பாத்தினவனும் டூகி இல்லன்னு ஆயிடும், சென்கா.”

“டூகி எந்தக் குழந்தைய காப்பாத்தினான்? மணலு வாரினான். காலையில அஞ்சரைக்குப் போவான், நனைஞ்சு வருவான், காலுறைய அடுப்புமேல காயப்போட்டு வீட்ட நாற அடிப்பான். அவனப் போயி நீ தெய்வமாக்கின. நானும் சட்டம் போட்டு மாட்டிக்கிட்டேன், பொய் சொல்லல. ஒரு ஹலோவுக்கு ஏங்கிப்போயிருந்தேன். இப்ப அவங்க அந்த ஆள எடுத்துக்கிட்டாங்க. எடுத்துக்கட்டும். என் ஆள எனக்குத் திருப்பிக் குடு.”

மேசையைத் துடைத்துவிட்டு அங்கேயே எழுதினார்கள். ரோனா எழுதிய முதல் படியைச் சென்கா ஒதுக்கிவிட்டாள்; “இது மன்னிப்புக் கடுதாசி மாதிரி இருக்கு. யாரு உன்ன மன்னிப்பு கேக்கச் சொன்னா?” என்றாள். ‘என் நினைவில் சிறு குழப்பம்’ என்ற இடத்தில் விரலை வைத்து, “குழப்பமா? நீ சொன்னது பொய்யின்னு எழுது” என்றாள்.

அது பொய் இல்லை. ரோனா வாழ்க்கையில் சொன்ன உண்மைகளில் அது ஒன்று. நடை அவனுடையது, பேச்சு அவனுடையது, கோபம் அவனுடையது.  நூலகத்தில் உண்மையைச் சொன்னாள், ஒருவரும் நம்பவில்லை. இதை நம்புவார்கள். எழுத்தாளர்கள் பேட்டியில் அளப்பார்கள் என்றால் டண்டீயில் எவரும் உடனே தலையாட்டுவார்கள்.

எழுதினாள்.

‘2014இல் உங்கள் இதழுக்கு அளித்த பேட்டியில், என் நாவல்களில் வரும் கோரன் என்ற பாத்திரம் என் அண்ணன் டக்ளஸ் பெட்ரி என்று சொன்னேன். அது பொய். கோரன் முழுக்கக் கற்பனை. என் அண்ணனுக்கும் அவனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டக்ளஸ் பெட்ரி இருபத்துமூன்று வருஷம் இந்த ஆற்றில் மணல் வாரும் படகில் வேலை பார்த்தார்.’

கடைசி வரி சென்கா சொல்லி எழுதியது. அதை மட்டும் அவள் இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். “இது நல்லாருக்கு” என்றாள்.

அப்புறம் எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். “தோள்பட்டை தூக்கல எனக்கு. நீ ஏறி எடு.” ரோனா ஏறிச் சட்டத்தைக் கழற்றினாள். சென்கா அதை வாங்கிப் பார்க்காமலே படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை ரோனா ஃபின்லேக்கு எழுதினாள்: முடியாது. அவன் உடனே கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. லீட்ஸ்காரர் அன்றே வேலையைத் தொடங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

கடிதம் புதன்கிழமை பத்திரிகையில் வந்தது, எட்டாம் பக்கத்தில், குப்பை வண்டி சரியாக வருவதில்லை என்று ஒருவர் எழுதியதற்குக் கீழே. ரோனா நியூபோர்ட் கடையில் வாங்கி, கடைவாசலிலேயே நின்று பிரித்தாள். படித்துவிட்டு மறுபடி படித்தாள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

“மணல் எங்கடி?” என்றாள் சென்கா.

“பாத்தேன்.”

“கடைசி வரி. மணல் வரி. எங்க?”

“வெட்டிட்டாங்க. இடம் பத்தல போலிருக்கு.”

 அந்தப் பக்கம் தாளை மடிக்கும் சத்தம் கேட்டது, திரும்பப் பிரிக்கும் சத்தமும்.

“ஒரு வரிதான?” என்றாள் சென்கா.

“ஒரு வரிதான்.”